சிறையில் கேட்டகிரி இறக்குவது: லீகல் எய்ட் எதற்கு உண்டு, எதற்கு இல்லை? (இங்கிலாந்து, வேல்ஸ்)

#1 வாசல்மரம் (நடத்துனர்)

கைதியின் பாதுகாப்புத் தரத்தை (கேட்டகிரி: ஏ, பி, சி, டி, இதில் ஏ-தான் மிக இறுக்கம்) இறக்க லீகல் எய்ட், அதாவது அரசு செலவில் சட்ட உதவி, கிடைக்குமா என்ற ஒரே கேள்வி நாலு தலைப்பில் நாலு விதமாக வந்து நிற்கிறது. "பி-யில் இருப்பவரை சி-க்கு இறக்கச் சட்டத்தரணி பிடிக்கலாமோ?", "டி கிடைக்க லீகல் எய்ட் தருவினமோ?", "ஏ-யை மாத்தவே ஏலாதாம், உண்மையோ?" அந்த நாலையும் பூட்டிவிட்டு இங்கே ஒன்றாகத் திறக்கிறேன்.

விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆட்களின் பெயர், சிறை இலக்கம், வழக்கு எண் போட்டால் பதிவை எடுத்துவிடுவேன். பேச்சு இங்கிலாந்து, வேல்ஸ் பற்றி மட்டும். ஸ்கொட்லாந்தில் ஏ பி சி டி கிடையாது. அங்கே உயர், நடு, தாழ் கண்காணிப்பு என்று வேறு முறை. பெண்கள் சிறையிலும் பி, சி, டி இல்லை: அரிதாக வரும் ஏ-யை விட்டால் ரெஸ்ட்ரிக்டட், குளோஸ்ட், ஓப்பன் என்று மூன்று.

#2 தென்கரை

அடிப்படையை முதலில் வைத்துவிடுகிறேன். 1966-இல் ஜார்ஜ் பிளேக் என்ற உளவாளி வோர்ம்வூட் ஸ்க்ரப்ஸ் சிறையிலிருந்து தப்பியோடினார். அதன்பின் மவுண்ட்பேட்டன் பிரபு கொடுத்த அறிக்கையில் பிறந்ததுதான் இந்த நாலு எழுத்து. ஏ என்றால், தப்பினால் பொதுமக்களுக்கோ பொலிசுக்கோ நாட்டுக்கோ மிகப் பெரிய ஆபத்து, ஆகவே தப்பவே முடியாதபடி வைத்திருக்க வேண்டியவர். டி என்றால் திறந்த சிறையில் நம்பி விடக்கூடியவர். பி, சி இடையில்.

அந்த எழுத்து ஆளின் "நல்ல குணத்துக்கு" மதிப்பெண் இல்லை. தப்பியோடும் வாய்ப்பு, ஓடினால் வெளியே நேரக்கூடிய தீங்கு, உள்ளே இருந்துகொண்டே குற்றம் நடத்தும் வாய்ப்பு, சிறை ஒழுங்குக்கு இடைஞ்சல் என்று ஆபத்தைத்தான் அளக்கிறார்கள். பெரும்பாலான மனுக்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன. "மூன்று வருடமாக ஒரு குற்றச்சாட்டும் இல்லை, சமையலறையில் வேலை செய்கிறார், தாய்க்கு வருத்தம்" என்று இரண்டு பக்கம் எழுதுவார்கள். ஆபத்து எப்படிக் குறைந்தது என்று ஒரு வரி இருக்காது.

லீகல் எய்ட். 2013 டிசம்பர் 2 முதல் சிறைச் சட்டத்தில் பெரும்பகுதியை அரசு வெட்டியது. கேட்டகிரி விவகாரம் முழுவதும் அதில் போயிற்று. சிறைச் சீர்திருத்த அமைப்பான ஹோவர்ட் லீக்கும் பிரிசனர்ஸ் அட்வைஸ் சேர்விஸும் வழக்குப் போட்டன. 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஐந்து விடயங்களில் மூன்றில் இந்த வெட்டு அமைப்பளவிலேயே நியாயமற்றது என்றது: கேட்டகிரி ஏ மறுஆய்வு, குளோஸ் சூப்பர்விஷன் சென்டரில் (மிக ஆபத்தானவர்களை வைக்கும் தனிப் பிரிவு) வைப்பது, ஆயுள் கைதிகளின் குறைந்தபட்சக் காலம் முடியுமுன் நடக்கும் பரோல் போர்ட் ஆய்வு. 2018 பெப்ரவரி 21 முதல் இந்த மூன்றுக்கும் லீகல் எய்ட் திரும்பியது.

ஆகவே நேரான பதில்: ஏ-யிலிருந்து இறங்குவதற்கு உண்டு. பி-யிலிருந்து சி, சி-யிலிருந்து டி, இரண்டுக்கும் இல்லை.

#3 ஹரோக்காரன்

அப்ப பி-யிலயும் சி-யிலயும் கிடக்கிற சனத்துக்கு ஒண்டுமே இல்லையோ? ஏ-யில இருக்கிறவை கொஞ்சப் பேர்தானே. சனம் முழுக்க சி-யில எல்லோ கிடக்குது.

#4 தென்கரை

மறுஆய்வு நடக்கும்போது மனு எழுதித் தருவதற்கு லீகல் எய்ட் இல்லை, அவ்வளவுதான். முடிவு வந்தபின் அது சட்டப்படி பிழை என்றால் ஜுடிஷியல் ரிவியூவுக்கு (முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது) சிவில் லீகல் எய்ட் கேட்கலாம். அது கேட்டகிரி பார்ப்பதில்லை. அதற்கு முன்னால் இலவச ஆலோசனைக்கு பிரிசனர்ஸ் அட்வைஸ் சேர்விஸ் இருக்கிறது. 1991-இலிருந்து கைதிகளுக்கென்றே நடக்கும் தொண்டு நிறுவனம், கைதி நேராகக் கடிதம் எழுதலாம், போன் பண்ணலாம். 21 வயதுக்குக் கீழென்றால் ஹோவர்ட் லீக்கின் சட்டப் பிரிவு. மூன்றாவது வழி காசு கொடுத்து சொலிசிட்டர் வைப்பது. அதைப் பற்றி என் அபிப்பிராயம் பின்னால்.

#5 மைக்கூடு

ஏ கேஸுக்கு லீகல் எய்ட் விண்ணப்பம் எங்கே சிக்குதுன்னு சொல்றேன்.

ஃபார்ம் ரெண்டு: சிஆர்எம்1, சிஆர்எம்2. தபால்லயே கையெழுத்து வாங்கலாம். வருமானச் சோதனை: கழிவு போக வாரத்துக்கு 99 பவுண்டு, சேமிப்பு, தன்னை நம்பி யாரும் இல்லாதவருக்கு 1,000 பவுண்டு. சிறைக் கூலிக்கு இந்த வரம்பு எட்டாத உயரம், ஆனா விண்ணப்பம் விழறது அவர் கூலியால இல்லைங்க. மனைவி வருமானமும் சேரும். அவர் சிறையில இருக்கறதால மட்டும் "பிரிஞ்சு வாழற தம்பதி"ன்னு கணக்காகாது. மனைவி யூனிவர்சல் கிரெடிட் (அரசு உதவித்தொகை) வாங்கினா வருமானச் சோதனை அதோட தாண்டிடும். வேலைக்குப் போறவங்கன்னா பே ஸ்லிப் கேட்பாங்க.

அடுத்தது கூட்டு வங்கிக் கணக்கு. சீட்டுப் பணம் வந்து ஒரு மாசம் அதுல உட்கார்ந்திருந்தா கேள்வி வரும். அந்தப் பணம் யாருக்குச் சேரணும்னு காகிதம் இல்லாட்டி உங்க சேமிப்புன்னுதான் எடுத்துப்பாங்க.

மூணாவது, கடைசி ஆறு மாசத்துல இதே விஷயத்துக்கு வேற ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டிருந்தா, ஏன் மாத்தறீங்கன்னு நியாயமான காரணம் சொல்லணும். உள்ள இருக்கறவங்க நாலு ஆபீஸுக்கு எழுதி, வந்த ஃபார்ம் எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவாங்க. அப்புறம் ஒருத்தராலயும் வேலையைத் தொட முடியாது.

இன்னொண்ணு: வக்கீலோட கட்சிக்காரர் கைதிதான், நீங்க இல்ல. பணம் நீங்க கட்டினாலும் அப்படித்தான். அவர் எழுத்துல சம்மதம் தராம வக்கீலும் உங்ககிட்ட பேச மாட்டார், சிறை அலுவலகமும் பேசாது. அந்தச் சம்மதக் கடிதத்தை முதல் வாரமே வாங்கிடுங்க.

#6 பனங்கொட்டை

பி, சி, டி மறுஆய்வு எப்படி நடக்குது எண்டதை எழுதுறன். இதைத்தான் ஆக்கள் கேட்கிறது.

இப்ப நடைமுறையில் இருக்கிற ஆவணத்துக்குப் பெயர் செக்யூரிட்டி கேட்டகரைசேஷன் பொலிசி ஃபிரேம்வேர்க். பழைய பிஎஸ்ஐ (சிறைத்துறை அறிவுறுத்தல்) 40/2011-ஐ வைத்துக்கொண்டு இன்னும் சிலர் மனு எழுதுகிறார்கள், அது காலாவதி. சிறை நூலகத்தில் கேட்டால் புதியது கிடைக்கவேணும். ஃபிரேம்வேர்க் இடைக்கிடை திருத்தப்படும், ஆகவே எந்தத் திகதிப் பதிப்பு எண்டு மேலே பார்த்துவிட்டுத்தான் வாசிக்கவேணும்.

மறுஆய்வுக் காலம்: 12 மாதத்திலிருந்து 4 வருடத்துக்குக் குறைந்த தண்டனைக்கு 6 மாதத்துக்கு ஒருக்கால். 4 வருடமும் அதுக்கு மேலும் எண்டால் வருடத்துக்கு ஒருக்கால், கடைசி 24 மாதத்தில் 6 மாதத்துக்கு ஒருக்கால். இடையில் நிலைமை பெரிதாக மாறினால், உதாரணத்துக்கு ஒரு முக்கியமான கோர்ஸ் (குற்ற நடத்தையை மாற்றுற பயிற்சி) முடிந்தது, மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, அந்தத் திகதிக்குக் காத்திராமல் முன்கூட்டியே கேட்கலாம். கேட்காவிட்டால் ஒருத்தரும் தானாகச் செய்யமாட்டினம்.

டி-க்கு இன்னொரு வாசற்படி உண்டு. பொதுவாக விடுதலைத் திகதிக்கு 3 வருடத்துக்குள் வந்திருக்கவேணும். முந்தி இது 2 ஆக இருந்தது. 5 வருடம் மிச்சம் இருக்கிறவர் எவ்வளவு நல்லாய் எழுதினாலும், விசேட காரணம் இல்லாமல் நடக்காது. அந்த நேரத்தை சி-யில் ஆபத்தைக் குறைக்கிற வேலைக்குப் பயன்படுத்துறதுதான் புத்தி.

முடிவு எடுக்கிறது ஓஎம்யு, அதாவது ஒஃபெண்டர் மனேஜ்மென்ட் யூனிட். பொம் எண்டு எல்லாரும் சொல்லுற உள் அலுவலர் தன் கருத்தை எழுதுவார். அவருக்கு முன்னால் இருக்கிறவை: ஓயாசிஸ் மதிப்பீடு (திரும்பக் குற்றம் செய்யிற ஆபத்தைக் கணிக்கிற ஆவணம்), ஒழுங்கு விசாரணைப் பதிவுகள், இன்சென்டிவ் நிலை (நடத்தைக்கு ஏற்ற சலுகைப் படி), கீ வேர்க்கர் (அவருக்கெண்டு ஒதுக்கின சிறை அலுவலர்) குறிப்புகள், செக்யூரிட்டிப் பிரிவின் உளவுத் தகவல். கைதிக்கும் தன் பக்கத்தை எழுத இடம் உண்டு. அந்த இடத்தை வெறுமையாக விடுறவைதான் கனபேர்.

எங்கே பிழைக்கும்?

ஓயாசிஸ் பழசு. இதுதான் எல்லாத்திலயும் பெரிய வியாதி. மதிப்பீடு செய்து இரண்டு வருடம், அதுக்குப் பிறகு மூண்டு கோர்ஸ் முடிச்சாச்சு, ஆனால் மறுஆய்வில் "ஹை ரிஸ்க் ஒஃப் ஹார்ம்" எண்டு பழைய வரியே வருது. ஓயாசிஸ் பிரதியை பொம்மிடம் நேரே கேட்கலாம். மறுஆய்வுக்கு மூண்டு மாதம் முன்னால் கேட்டு, பிழைகளைப் பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்து, புதுப்பிக்கச் சொல்லவேணும். மறுஆய்வு நாளில் சொன்னால் பயனில்லை.

வெளியில் முடியாமல் கிடக்கிற அலுவல். கட்டாத கொன்ஃபிஸ்கேஷன் ஓர்டர் (குற்றத்தில் சம்பாதித்ததைக் கட்டச் சொல்லுற நீதிமன்ற ஆணை) இருந்தால், கட்டாததுக்கு மேலதிகத் தண்டனை விழக்கூடும், அது ஓடிப்போறதுக்குக் காரணமாகும் எண்டு பார்ப்பினம். எவ்வளவு கட்டியாச்சு, மிச்சத்துக்கு என்ன ஏற்பாடு எண்டு நீதிமன்றக் கடிதத்தோடு வைக்கவேணும். முடியாத வேறு குற்றச்சாட்டு இருந்தாலும் இதே கதை.

உளவுத் தகவல். "செக்யூரிட்டி கன்சேர்ன்ஸ்" எண்டு இரண்டு சொல்லில் மறுப்பு வரும். அந்த இரண்டு சொல்லுக்குப் பதில் எழுதக்கூடாது, எழுதவும் முடியாது. எந்தக் காலம், எந்த வகை (போனா, போதைமருந்தா, கடனா), அதுக்குப் பின் விசாரணை வந்ததா எண்டு சுருக்கம் கேட்டு எழுதவேணும். மூலத்தைக் காட்டமாட்டினம். சுருக்கத்தையும் தராமல் விட்டால், அதுவே பின்னால் முறைப்பாட்டுக்கு நல்ல பிடி.

இந்தத் தண்டனைக் காலத்தில் தப்பியவர், திறந்த சிறையிலிருந்து ஓடியவர், தற்காலிக விடுப்பில் போய்க் குழப்பியவர் எண்டால் டி-க்குக் கதவு ஏறக்குறைய பூட்டு. விசேட காரணம் காட்டவேணும், "திருந்திவிட்டேன்" எண்டது விசேட காரணமில்லை.

#7 ஹரோக்காரன்

பனங்கொட்டை அண்ணை, நல்ல விளக்கம். ஆனா ஒரு சொலிசிட்டரின்ர கடிதத் தாளில போனா ஓஎம்யு கொஞ்சம் பயப்பிடும்தானே? காசு குடுத்தாலும் பரவாயில்லை எண்டு நிக்கிற குடும்பங்கள் இருக்கு.

#8 மைக்கூடு

பயப்படாது. சி-யிலருந்து டி-க்கு முதல் மனுவுக்கு வக்கீல் கடிதம் போடறது, ரேஷன் கார்டுக்கு ஹைகோர்ட் வக்கீல் வெக்கற மாதிரி. பொம்முக்கு வேண்டியது ஆதாரம், கடிதத் தாள் இல்ல. கோர்ஸ் சான்றிதழ், கோர்ஸுக்குப் பிந்தின அறிக்கை, வேலைப் பதிவு, வெளிய தங்கற முகவரி, இதெல்லாம் கைதியே சேர்க்கக்கூடியது.

காசு குடுத்தே ஆகணும்னா, நிலையான கட்டணம் எழுத்துல வாங்குங்க. அதுல 20 சதவீதம் வாட் சேர்ந்திருக்கான்னு கேளுங்க. எத்தனை கடிதம், மறுப்பு வந்தா மேல்முறையீடும் இதுக்குள்ளயா, ஓயாசிஸ் படிச்சுப் பாத்துட்டு எழுதுவாங்களா இல்ல பெயரை மாத்தி அச்சடிப்பாங்களான்னு கேளுங்க. "கண்டிப்பா டி வாங்கித் தரேன்"னு சொல்ற இடத்துலருந்து எழுந்து வந்துடுங்க. முடிவு சிறை கையில, எந்த வக்கீலாலயும் அதுக்கு உத்தரவாதம் தர முடியாது.

#9 தென்கரை

மைக்கூடு சொல்வதில் முக்கால்வாசிக்கு உடன்பாடு. ஒரு திருத்தம். உளவுத் தகவலை வைத்து சி-யிலிருந்து பி-க்கு *ஏற்றினால்* அன்றே சட்ட ஆலோசனை எடுக்க வேண்டும். அங்கே நாள் எண்ணத் தொடங்கிவிடும், ஜுடிஷியல் ரிவியூவுக்கு வழியும் உண்டு. இறக்க மறுப்பதும் ஏற்றுவதும் ஒன்றல்ல. கையில் இருந்ததைப் பறிக்கும்போது நியாயமான நடைமுறை பற்றிய கேள்வி கூர்மையாகும்.

#10 நூலகப்பூனை

வெளிநாட்டுப் பிரஜைகள் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நம்மவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் முட்டுக்கட்டை.

12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற வெளிநாட்டுப் பிரஜை, 2007-ஆம் ஆண்டு யூகே போர்டர்ஸ் சட்டப்படி, விதிவிலக்கு இல்லாவிட்டால் நாடுகடத்தலுக்கு உரியவர். இதில் இரண்டு நிலை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நாடுகடத்தல் ஆணை (டிபோர்ட்டேஷன் ஓர்டர்) வந்து, இந்த நாட்டுக்குள் மேல்முறையீட்டு உரிமையும் தீர்ந்துவிட்டது என்றால் திறந்த சிறை கிடையாது. 2014-இல் சிறை விதிகளிலேயே இதை எழுதிவிட்டார்கள். கவர்னருக்கு இரக்கம் வந்தாலும் கை கட்டுண்டிருக்கும்.

ஆணை வரவில்லை, அல்லது மேல்முறையீடு இன்னும் நடக்கிறது என்றால் தனித்தனியாக ஆராய்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். "வெளிநாட்டவர், ஆகவே டி இல்லை" என்று மட்டும் எழுதி மறுத்தால் அது பிழை. இங்கே மனுவில் வைக்க வேண்டியவை: மேல்முறையீடு நிலுவையில் இருப்பதற்கான ட்ரிபியூனல் கடிதம், இங்கே உள்ள குடும்பப் பிணைப்பு, முன்பு பிணையில் இருந்தபோது ஒழுங்காகக் கையெழுத்துப் போட்ட பதிவு. ஓடமாட்டார் என்பதற்கு அந்தக் கடைசிப் பதிவு நூறு நற்சான்றுக் கடிதத்துக்குச் சமம். அகதி அந்தஸ்து உள்ளவர் என்றால் அந்தக் காகிதத்தையும் வையுங்கள். சிறைப் பதிவில் "ஸ்ரீலங்கன்" என்று மட்டும் இருக்கும், அந்தஸ்து இருப்பது ஓஎம்யுவுக்குத் தெரியாமலே போகலாம்.

குடிவரவு வழக்குக்கு இருக்கும் சொலிசிட்டர் வேறு, சிறைச் சட்ட சொலிசிட்டர் வேறு. இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதினால் ஒருவர் "ஆபத்து இல்லை" என்பார், மற்றவர் "திரும்பிப் போனால் உயிராபத்து, போகவே மாட்டார்" என்பார். இரண்டாவது வரியை ஓஎம்யு எப்படி வாசிக்கும் என்று யோசியுங்கள்.

#11 பனங்கொட்டை

பூனை, கடைசிப் பந்திக்கு ஒரு கும்பிடு. கோர்ஸ் விடயத்திலும் மொழி ஒரு பொறி. கோர்ஸுகள் இங்கிலிஷில், குழுவாக இருந்து கதைக்கிற மாதிரி நடக்கும். பாஷை போதாமல் எடுக்கமுடியாதவரைப் பற்றி "நொட் மோட்டிவேட்டட்" எண்டு பதிவாகிவிட்டால், அது மறுத்தவர் எண்டு மாறி, பிறகு அசையாது. "எனக்கு விருப்பம், மொழி உதவி தேவை" எண்டு எழுத்தில், திகதியோடு கேட்டு, பிரதியை வைத்திருக்கவேணும். ஈசோல் (ஆங்கிலம் படிக்கிற) வகுப்பில் சேர்ந்த பதிவும் சேர்த்து.

#12 தென்கரை

இப்போது கேட்டகிரி ஏ. இங்கேதான் சட்டத்தரணிக்கு உண்மையான வேலை.

வழிகாட்டும் ஆவணம் பிஎஸ்ஐ 08/2013. ஏ-க்குள்ளேயே தப்பும் அபாயத்தை வைத்து ஸ்டாண்டர்ட், ஹை, எக்ஸெப்ஷனல் என்று மூன்று படி. ஆண்டு மறுஆய்வில் முதலில் சிறையிலுள்ள லோக்கல் அட்வைசரி பேனல் பரிந்துரை எழுதும். அது தலைமையகத்தில் கேட்டகிரி ஏ டீமுக்குப் போகும். இறக்கலாம் என்று உள்ளூர்ப் பரிந்துரை வந்தால், முடிவு உயர்பாதுகாப்புச் சிறைகளின் பொறுப்பதிகாரி மட்டத்தில். கைதிக்கு அறிக்கைகளின் தொகுப்பு முன்கூட்டியே தரப்படும். மனு அதற்குப் பதிலாக எழுதப்பட வேண்டும்.

சோதனைச் சொல்லை மனப்பாடமாக வையுங்கள்: ஓடிப்போனால் மீண்டும் அதே வகைக் குற்றம் செய்யும் ஆபத்து *கணிசமாகக் குறைந்துள்ளது* என்பதற்கு *நம்பவைக்கும் சான்று* வேண்டும். குற்றத்தைப் பற்றிய மனப்பாங்கு மாறியிருக்கிறது, அல்லது மீண்டும் நடக்காமல் தடுக்கும் திறன் வளர்ந்திருக்கிறது என்று காட்டும் சான்று. "வயது 61, முழங்கால் வலி, எங்கே ஓடப்போகிறார்" என்பது இந்தச் சோதனைக்குப் பதிலே அல்ல. ஓட முடியுமா என்று அவர்கள் கேட்கவில்லை. ஓடிவிட்டார் என்று வைத்துக்கொண்டு, வெளியே என்ன செய்வார் என்று கேட்கிறார்கள். தப்பும் திறன் பற்றிய வாதத்துக்கு இடம் அந்த மூன்று படியில் இருக்கிறது, ஹை-யிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு இறக்கும்போது.

நல்ல மனுவின் உருவம் ஏறக்குறைய இப்படி: அறிக்கையாளர்களில் யார் யார் இறக்கலாம் என்கிறார்கள், பக்க எண்ணோடு. எதிராகச் சொல்பவர் எந்தத் தகவலில் தங்கியிருக்கிறார். அது பழசா, மறுக்கப்பட்டதா. உளவியலாளர் "மேலும் வேலை தேவை" என்றால், எந்த வேலை, அது இந்தச் சிறையில் கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் மாற்றுவழி என்ன. ஆறேழு பக்கம் போதும். நாற்பது பக்கம் எழுதினால் முதல் நாலு பக்கம்தான் வாசிக்கப்படும்.

சுயாதீன உளவியலாளர் அறிக்கை பல வழக்குகளில் முட்டுக்கட்டையை உடைக்கும். லீகல் எய்டில் அதைச் செலவாகக் கேட்கலாம், பெரிய தொகைக்கு லீகல் எய்ட் ஏஜென்சியின் முன் அனுமதி வேண்டும். மொழிபெயர்ப்பாளர் செலவும் அப்படியே. அறிக்கை பாதகமாக வந்தால் என்ன செய்வது என்று கட்சிக்காரரோடு *முன்னாலேயே* பேசிவிட வேண்டும்.

வாய்மொழி விசாரணை. கேட்கலாம், அரிதாகவே கிடைக்கும். பரோல் போர்டுக்கு உச்சநீதிமன்றம் 2013-இல் ஒஸ்போர்ன் வழக்கில் வைத்த தாராளமான அளவுகோல் இங்கே அப்படியே பொருந்தாது என்று ஹாசெட், பிரைஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. ஆகவே ஒஸ்போர்னை மேற்கோள் காட்டி மூன்று பக்கம் எழுதுவது வீண். பிஎஸ்ஐ சொல்லும் காரணிகளை எடுங்கள்: முக்கியமான உண்மை ஒன்றில் தகராறு, நிபுணர்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு, குறைந்தபட்சக் காலம் எப்போதோ முடிந்தும் நகராத நிலை, இதுவரை ஒரு விசாரணையும் நடக்காதது. ஒவ்வொன்றுக்கும் தொகுப்பிலிருந்து ஒரு சான்று.

#13 ஹரோக்காரன்

குற்றமே செய்யேல்லை எண்டு நிக்கிறவர்? அவர் எப்படி "மனப்பாங்கு மாறிட்டுது" எண்டு காட்டுறது? செத்தாலும் ஏ-தானோ?

#14 தென்கரை

சிறைச் சட்டத்தில் மிகக் கசப்பான கேள்வி இது. குற்றத்தை மறுக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக இறக்க மறுப்பது சட்டவிரோதம். ஆனால் மறுப்பதால் கோர்ஸ் இல்லை, கோர்ஸ் இல்லாததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் இறக்கவில்லை என்று எழுதினால் நீதிமன்றம் பெரும்பாலும் தலையிடாது. ஒரே கதவை இரண்டு பெயரால் பூட்டுகிறார்கள் என்பது என் எண்ணம், ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

செய்யக்கூடியது: குற்றத்தைப் பற்றிப் பேசாமலே எடுக்கக்கூடிய கோர்ஸ்கள் உண்டு, அவற்றைக் கேட்பது. உளவியலாளரிடம் குற்றம் நடந்ததா என்ற வாதத்துக்குள் போகாமல், தீர்ப்பு சொல்லும் ஆபத்துக் காரணிகளை (கோபம், கடன், கூட்டாளிகள்) பற்றி மட்டும் மதிப்பிடச் சொல்வது. பல வருட நடத்தையிலிருந்து அந்தக் காரணிகள் இப்போது இல்லை என்று காட்டுவது. மனுவில் ஜூரி தீர்ப்பைத் திரும்ப வாதாடக்கூடாது. அதற்கு இடம் சிசிஆர்சி (பிழையான தீர்ப்புகளை மறுபடி ஆராயும் ஆணையம்), இங்கே இல்லை.

#15 மைக்கூடு

மறுப்பு வந்தாச்சு, அடுத்து என்ன? இங்கதான் தேதி கணக்கு தப்பி நிறைய பேர் கோட்டை விடறாங்க.

பி, சி, டி-க்கு உள் முறைப்பாடு: காம்ப்1 ஃபார்ம். பதில் திருப்தி இல்லாட்டி 7 நாளுக்குள்ள காம்ப்1ஏ. அதுக்கப்புறம் பிரிசன்ஸ் அண்ட் ப்ரொபேஷன் ஓம்பட்ஸ்மன் (சிறைக்கு வெளிய இருந்து முறைப்பாட்டை விசாரிக்கறவர்), கடைசிப் பதில் வந்த 3 மாசத்துக்குள்ள. ஒரு ஃபார்ம்ல ஒரு விஷயம் மட்டும். சாப்பாடு, செல் ஜன்னல், கேட்டகிரி எல்லாம் ஒரே தாள்ல எழுதினா ஜன்னலுக்குப் பதில் வரும்.

ஜுடிஷியல் ரிவியூ: முடிவு வந்த நாள்லருந்து தாமதமில்லாம, எப்படியும் 3 மாசத்துக்குள்ள. முறைப்பாடு ஓடிக்கிட்டிருக்குன்னா இந்தக் கடிகாரம் நிக்காது. காம்ப்1, காம்ப்1ஏ, ஓம்பட்ஸ்மன்னு வரிசையா போய் எட்டாவது மாசம் வக்கீல்கிட்ட வந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அதே சமயம் உள் முறைப்பாடே போடாம கோர்ட்டுக்குப் போனா "வேற வழி இருக்கே"ன்னு திருப்பி அனுப்புவாங்க. அதனால ரெண்டையும் சேத்து ஓட்டணும்: முதல் வாரமே காம்ப்1, ஆறாவது வாரத்துக்குள்ள வக்கீல் கையில காகிதம், ப்ரீ ஆக்‌ஷன் கடிதம். கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சிறைத்துறைக்கு அனுப்பற அந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்ல வழக்கமா 14 நாள் அவகாசம்.

பெரும்பாலும் காரியம் நடக்கறது அந்தக் கடிதத்துலதான். நல்ல கேஸ்னா சிறைத்துறை முடிவை வாபஸ் வாங்கி மறுபடி ஆய்வு பண்றோம்னு சொல்லும். கோர்ட்டும் அவ்வளவுதான் பண்ணும், நீதிபதி "இவருக்கு டி குடு"ன்னு எழுத மாட்டார். திரும்ப ஆய்வு பண்ணி, காரணத்தை ஒழுங்கா எழுதி, மறுபடி மறுக்கவும் முடியும்.

சிவில் லீகல் எய்ட் வரம்பு வேற: மொத்த வருமானம் மாசம் 2,657, கழிவு போக 733, சேமிப்பு 8,000 பவுண்டு. கூடவே வழக்கு ஜெயிக்கற வாய்ப்பும் பார்ப்பாங்க. கோர்ட் அனுமதி குடுக்காட்டி அந்த மனுவுக்கான வேலைக்கு வக்கீலுக்குக் காசு வராம போகலாம், அதனால பலவீனமான கேஸை யாரும் தொட மாட்டாங்க. அது உங்க மேல உள்ள வெறுப்பு இல்ல.

#16 நூலகப்பூனை

கடிதப் போக்குவரத்து. சொலிசிட்டருக்கும் கைதிக்கும் இடையிலான கடிதம் சிறை விதிகளில் ரூல் 39-இன் கீழ் வரும். உறையில் அப்படி எழுதியிருந்தால், தக்க சந்தேகம் இல்லாமல் திறக்கக்கூடாது. குடும்பம் அனுப்பும் கடிதத்தில் "ரூல் 39" எழுதாதீர்கள். "சீக்கிரம் போகும்" என்று யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். போதைமருந்தில் தோய்த்த காகிதம் அந்த வழியாக வந்ததால் சிறைகள் இப்போது சொலிசிட்டர் அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சரிபார்க்கின்றன. பிடிபட்டால் அது ஒரு உளவுத் தகவலாகப் பதிவாகி, அடுத்த மறுஆய்வில் "செக்யூரிட்டி கன்சேர்ன்ஸ்" என்று திரும்பி வரும். சொலிசிட்டரின் தொலைபேசி எண்ணையும் கைதியின் தொலைபேசிக் கணக்கில் (PIN) *சட்ட எண்* என்று பதியச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண அழைப்புப்போல் பதிவாகும்.

ஆவணங்களுக்கு சப்ஜெக்ட் அக்சஸ் ரிக்வெஸ்ட் போடலாம், கட்டணம் இல்லை. ஒரு மாதம், சிக்கலானதென்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். ஆகவே மறுஆய்வுக்கு நாலு மாதம் முன்னால். "எல்லாவற்றையும் தா" என்று கேட்டால் ஆயிரம் பக்கம் கறுப்புக் கோட்டோடு வரும். ஓயாசிஸ், இன்ன திகதியிலிருந்து நோமிஸ் (சிறையின் கணினிப் பதிவேடு) குறிப்புகள், செக்யூரிட்டிக் கோப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

#17 பனங்கொட்டை

ஆயுள் தண்டனை, ஐபிபி (விடுதலைத் திகதி குறிக்காத தண்டனை) ஆக்களுக்கு ஒரு குறிப்பு, #6-இல் விட்டுவிட்டேன். பி-யிலிருந்து சி-க்கு சிறைதான் முடிவு. திறந்த சிறைக்குப் போறது பரோல் போர்ட் பரிந்துரைத்து, அமைச்சர் ஏற்றால்தான். அமைச்சர் எந்த அளவுகோலில் ஏற்கிறது, மறுக்கிறது எண்டது 2022 ஜூனில் இறுக்கப்பட்டு, 2023-இல் திரும்ப மாற்றப்பட்டது. பழைய தீர்ப்புகளை வாசிக்கும்போது எந்தக் காலத்து அளவுகோல் எண்டு பார்க்கவும். இந்தப் பரோல் விசாரணைக்கு லீகல் எய்ட் உண்டு, ஆகவே "டி-க்கு லீகல் எய்ட் இல்லை" எண்ட #2-இன் வரி இவைக்குப் பொருந்தாது.

#18 ஹரோக்காரன்

கடைசியா ஒண்டு. டி எண்டு கடிதம் வந்திட்டுது, ஆனா ஆள் இன்னும் சி சிறையிலயே இருக்கிறார் எண்டு ரெண்டு பேர் எழுதியிருந்தவை. இதுக்கும் முறைப்பாடோ?

#19 பனங்கொட்டை

கேட்டகிரி வேறை, இடமாற்றம் வேறை தம்பி. டி கிடைச்சவர் இடம் வரும்வரை மூடிய சிறையில் இருக்கலாம், அது சட்டமீறல் இல்லை. ஆனால் சும்மா இருக்கக்கூடாது. மெடிக்கல் ஹோல்ட் (வைத்தியத்துக்காக இடமாற்றத்தை நிறுத்திவைக்கிறது) போட்டிருக்கா, முடியாத ஒழுங்கு விசாரணை இருக்கா எண்டு ஓஎம்யுவிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கோ. பல் வைத்தியர் திகதிக்காகப் போட்ட ஹோல்டை எடுக்க மறந்து மாதக்கணக்கில் கிடக்கிறது நடக்கும். எந்தத் திறந்த சிறை எண்டும் கேட்கவேணும். ஃபோர்ட், ஸ்டான்ஃபோர்ட் ஹில், ஹொலஸ்லி பே மூண்டும் லண்டன் குடும்பங்கள் கேட்கிற இடங்கள், வரிசை இருக்கும். சட்பரிக்கோ நோர்த் சீ காம்புக்கோ சம்மதம் எண்டால் சிலவேளை முந்தி இடம் கிடைக்கும், ஆனால் விசிட்டுக்கு ஆர் காரோடுறது எண்டதைக் குடும்பம் முதலே கதைச்சு வைக்கவேணும். இடைக்காலத்தில் ஒரு போன் பிடிபட்டால் டி போயிடும், அதையும் அவருக்குச் சொல்லுங்கோ.